அங்கே வந்து சொல்கிறேன்

நான் பேச வந்த ஊரில் தலைமை அலுவலகம் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைத்தான் முதலில் தேடினேன். என்னோடு வந்தவர்களும் அதைத்தான் தேடினார்கள். கையில் பையோடு தெருவில் நின்று, "ஆபீஸ் எங்கே, ஆபீஸ் எங்கே" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரும் கேட்டார்கள். சொல்ல ஆளில்லை.

இந்த ஊரில் வீடுகள் மட்டும்தான் உண்டு. ஒவ்வொரு வீடும் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுக்காரர். ஏதாவது ஒரு வீட்டில் சேர்ந்து, அந்த வீட்டுக்குள் நின்றால்தான் பேச்சு வரும். தெருவில் பேச்சு வராது. தெருவில் "ஆபீஸ் எங்கே" என்று மட்டும் கேட்கலாம். வேறு எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வெளியே வரும்.

இதற்கு முன் நாங்கள் எல்லோரும் பெரிய மண்டபத்தில் இருந்தோம். ஒரே மண்டபம், ஒரே வாசல், ஒரே முதலாளி. ஆளுக்கு ஒரு தூண். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். முகம் பார்க்கும் வழக்கம் இல்லை. சொந்தப் பெயர் சொல்லும் வழக்கமும் இல்லை. அங்கே என் பெயர் அரைமூடி. பெயர் கேட்ட அன்று கையில் தேங்காய் அரைமூடி வைத்திருந்தேன். மற்றபடி ஒரு காரணமும் கிடையாது.

பிறகு முதலாளி இரண்டு பேச்சுக்கு நடுவே ஒரு ஆளை நிறுத்தினார். நான் ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும் அந்த ஆள் மெத்தை விற்பான். எதிரில் இருப்பவர் பதில் சொன்னதும் இன்னொருவன் பல்லுக்குப் போடும் கிளிப் விற்பான். அதையும் பொறுத்துக்கொண்டோம். மெத்தைகூட ஒன்று வாங்கினேன். கடைசியில், மண்டபத்துக்குள் சொன்னதெல்லாம் மண்டபத்துக்கே சொந்தம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அன்றைக்கு "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதற்கே எல்லோருக்கும் யோசனையாக இருந்தது. மறுநாள் கும்பல் கும்பலாகக் கிளம்பினோம்.

எனக்கு அடுத்த தூணில் இருந்தவர் பெயர் கொத்தவரை. பல வருடப் பழக்கம். பாத்திரம் கழுவும்போது எதை முதலில் கழுவ வேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறு. நான் டம்ளர் என்பேன். அவர் கரண்டி என்பார். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க அவர் என்னிடம் கரண்டியைப் பற்றியே பேசினார். அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர் கேட்காமல் இருந்ததால்தான் அந்த மாதத்தை என்னால் தாண்ட முடிந்தது. இப்போது வீட்டில் நான் தனி. எனக்குப் பேச்சு என்றால் கொத்தவரைதான்.

மண்டபத்தை விட்டு வெளியேறும் நெரிசலில் அவர் குரல் முதுகுப் பக்கம் கேட்டது.

"ஓய் அரைமூடி, உம்மகிட்ட ஒரு விசயம் சொல்லணும்வே."

"சொல்லுங்க."

"இங்க வேண்டாம். இங்க சொன்னா இவனுக்குச் சொந்தமாயிரும். அங்க வந்து சொல்லுதேன்."

"சரி. அங்க பாப்போம்."

அங்கே என்பது ஒரே இடம் என்று இருவரும் நினைத்தோம். மண்டபத்தில் பழகியவர்களுக்கு அப்படித்தான் நினைக்க வரும். இங்கே வந்து பார்த்தால், தெருவுக்குத் தெரு அங்கேதான்.

வாசலில் நிழல் விழுந்த ஒரு வீட்டின் முன்னால் நின்றேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். பெயர் சென்னியப்பன். அவருடைய இடது தோள் சுவரோடு சுவராகப் போயிருந்தது. தோளில் ஒரு ஆணி. ஆணியில் காலண்டர் தொங்கியது. வீடு நடத்துகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வீடாகிவிடுவார்கள் என்று பஸ்ஸிலேயே கேள்விப்பட்டிருந்தேன்.

அவர் வாசற்படிக்குள் ஒரு கால் வைக்கச் சொன்னார். வைத்ததும் எனக்குப் பேச்சு வந்தது.

"நீங்க மனுசந்தானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எப்புடி நம்பறதுங்க?"

யோசித்தேன். "பஸ்ல ஏறினதுல இருந்து இடுப்பு வலிக்குது."

"செரி. இந்த ஊட்டுல ஏன் சேரோணும்னு நினைக்கறீங்க?"

"வாசல்ல நிழல் இருந்துச்சு."

"முன்னால வந்தவரு கருத்துச் சுதந்திரம்னு சொன்னாருங்க. நீங்க சொல்றதுதான் நம்பற மாதிரி இருக்குது. செருப்பை வெளிய உட்டுட்டு வாங்க."

வீட்டு விதிகளைச் சொன்னார். சண்டை போடலாம், ஆளைத் திட்டக் கூடாது. அடுத்தவர் சொன்னதைத் தான் சொன்னதாகச் சொல்லக் கூடாது. சமையலறையில் மிக்ஸி ஓடும்போது வீட்டில் யாருக்கும் பேச்சு வராது, கோபித்துக்கொள்ளக் கூடாது. மொத்த வீட்டுப் பேச்சும் மிக்ஸியும் ஒரே பிளக்கில் ஓடுகின்றன. "இட்டிலிக்கு மாவு ஆட்டற அன்னிக்குக் கொஞ்சம் அமைதியா இருக்குங்க" என்றார்.

அன்று முதல் என் பெயர் சென்னியப்பன் வீட்டு அரைமூடி.

உள்ளே நீளமாக ஒரு நடைவழி இருந்தது. ஒரு ஆள் புதிதாகச் சேர்ந்தால் நடை ஓரடி நீளும். நான் நடந்துகொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. அதனால் நடையின் மறுகோடிக்குப் போக நேரமாயிற்று. கோடியில் புதிதாக வந்தவர்களுக்கான அறை. அங்கே ஒவ்வொருவராக நடுவில் நின்று ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

முதல் ஆள், "குழப்பமா இருக்கு" என்றார். தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார்.

அடுத்த பெண், "அமைதியா இருக்கு" என்றாள். அவளும் உயர்ந்தாள்.

மூன்றாவது ஆள், "மண்டபம் மாதிரி இல்ல" என்றார். உத்தரத்தில் தலை இடிக்கும் அளவுக்குப் போனார்.

சொன்னது கேட்பவர்களுக்குப் பிடித்தால் சொன்னவர் உயர்வார். பிடிக்காவிட்டால் தரைக்குள் இறங்குவார். மண்டபத்திலும் இதேதான். அங்கே ஏறிய உயரம் அப்படியே நிற்கும். இங்கே பேச்சு முடிந்ததும் எல்லோரும் தரைக்கு வந்துவிடுவார்கள். மண்டபத்தில் மிக உயரமாக இருந்த ஒருவர் மூலையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

என் முறை வந்தது. "கொத்தவரையைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஈரச்சாக்கு என்ற பெண்மணி என்னைத் தனியே அழைத்துப் போனார். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தவர். அந்த வீட்டில் அவர்தான் பழைய ஆள். நான் வந்தது சனிக்கிழமை.

"அந்தக் காலத்துல இங்க இவ்ளோ கூட்டம் கிடையாது" என்றார்.

"எந்தக் காலத்துல?"

"புதன்கிழமை வரைக்கும்."

சுவரோரமாக நிறைய பேர் டம்ளரோடு நின்றிருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நாங்கள் நகர்ந்தால் அவர்கள் முகமும் கூடவே நகர்ந்தது.

"இவங்கல்லாம் யாரு?"

"கேக்குறவங்க. இங்க முக்கால்வாசி அவங்கதான். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஆனா நீங்க போயிட்டா வருத்தப்படுவாங்க."

ஒவ்வொரு விஷயத்தையும் பேச ஒரு அறை உண்டு என்றார். பாத்திரம் கழுவுவோர் அறை எங்கே என்று கேட்டேன். கொத்தவரை இந்த ஊருக்கு வந்திருந்தால் அங்கேதான் போயிருப்பார். ஈரச்சாக்கு காட்டினார். அறையில் ஒரே ஒரு ஆள் இருந்தார். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று தெரியாமல் காத்திருந்தார். ஊரில் எல்லா வீட்டிலும் இதே பெயரில் ஓர் அறை உண்டு என்றார் ஈரச்சாக்கு. எல்லாவற்றிலும் இதே மாதிரி ஒரே ஒரு ஆள் காத்திருக்கிறாராம்.

"எல்லாரும் ஒரே அறைக்குப் போகலாமே?"

"போலாம். எந்த அறைக்குப் போறதுன்னு சொல்ல ஆபீஸ் இல்லையே."

ஒவ்வொரு அறையிலும் சன்னல்கள் இருந்தன. சன்னலுக்கு ஒரு வீடு. இங்கிருந்தபடியே எந்த வீட்டோடும் பேசலாம். இதைச் சொல்லும்போது ஈரச்சாக்கின் முகத்தில் பெருமை தெரிந்தது. சில சன்னல்களில் பேச்சு போய்ச் சேர நேரமாகும். சிலவற்றில் முன்னாலேயே வந்துவிடும். நான் நின்றிருந்தபோது கிழக்குச் சன்னல் வழியாகப் பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. அதற்கான நகைச்சுவையை எங்கள் வீட்டு ஆள் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னார். சுமாராகத்தான் இருந்தது.

நான் கிழக்குச் சன்னலில் எட்டி, "கொத்தவரை இருக்காரா?" என்று கத்தினேன்.

"இருக்கேன்" என்றது ஒரு குரல்.

மனசு குதித்தது. "எங்க போனீங்க? நான் அரைமூடி."

"எந்த அரைமூடி?"

ஒரு வீட்டுக்குள்தான் ஒரு பெயர் ஒரு ஆளுக்கு. வீட்டுக்கு வீடு ஒரு கொத்தவரை இருந்தார். தெற்குச் சன்னலில் இன்னொரு அரைமூடியே இருந்தார். அவரும் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். இருவரும் அடுத்த சன்னலுக்கு நகர்ந்துகொண்டோம்.

சன்னல் சன்னலாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன். "பாத்திரம் கழுவறப்ப முதல்ல எது?"

"எது வேணாலும்" என்றார் ஒரு கொத்தவரை. அவர் இல்லை.

"எங்க வீட்ல வேற ஆள் கழுவுவாங்க" என்றார் அடுத்தவர். இவரும் இல்லை.

மூன்றாவது ஆள் தண்ணீர்ப் பற்றாக்குறையைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அவரைப் பேசவிட்டுவிட்டு மேற்குச் சன்னலுக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே அங்கிருந்து பதில் வந்துவிட்டது.

"கரண்டிவே. எத்தன மட்டம் சொல்லியாச்சு."

சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து நின்றார். பெரிய உடம்பு. கட்டம் போட்ட சட்டை. நரைத்த மீசை. கொத்தவரை என்ற பெயருக்கு ஒல்லியாக ஒருவரை இத்தனை வருடமும் மனதில் வைத்திருந்தேன். அந்த ஒல்லி ஆளை அங்கேயே விட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"இப்படி இருப்பீங்கன்னு நினைக்கல" என்றேன்.

"நீரும்தான். நான் வழுக்கைன்னு நெனச்சேன். சரி, அன்னைக்கு ஒண்ணு சொல்லணும்னு சொன்னேம்லா."

"ஆமா. சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

உதடு அசைந்தது. கை அசைந்தது. சன்னலில் கண்ணாடி இருந்தது. ஒரு நிமிடம் முன்பு அது இல்லை. நான் தட்டினேன். அவரும் அந்தப் பக்கம் தட்டினார். தட்டுகிற சத்தமும் வரவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். கேட்கவில்லை என்று நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் சென்னியப்பனிடம் ஓடினேன். அவர் சுவரோடு சுவராகச் சமையலறை வரை நகர்ந்துபோய், வலது கையால் சன்னல் கண்ணாடி ஓரத்துக்குப் பூச்சு குழைத்துக்கொண்டிருந்தார்.

"மேற்கு வீட்டோட சகவாசம் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சுங்க" என்றார்.

"ஏன்?"

"அந்த ஊட்டு ஆளுங்க மூணு பேரு சன்னல்ல வந்து நின்னுட்டு, நம்ம ஊட்டுல யாரு கவிதை படிச்சாலும் இருமறாங்க. புள்ளைங்க அழுவுதுங்க. அந்த ஊட்டுக்காரருகிட்ட ரண்டு வாட்டி சொல்லிப் போட்டேன். இருமறது அவங்க உரிமைங்கறாரு."

"மூணு பேர்தானே. மத்தவங்க என்ன பண்ணாங்க?"

"சன்னல் ஒண்ணுதானுங்களே."

வீட்டில் எல்லோரையும் கூட்டிக் கேட்கலாம் என்றார். நல்ல மனிதர். நடையில் எல்லோரும் கூடினார்கள். நான் நடுவில் நின்று பேசினேன். மேற்கு வீட்டில் எனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், என்னிடம் ஏதோ சொல்ல வந்தார், அதைக் கேட்டால் போதும், பிறகு சன்னலை நிரந்தரமாக மூடிக்கொள்ளுங்கள் என்றேன். முதல் வாக்கியத்தில் கணுக்கால் வரை இறங்கினேன். இரண்டாவதில் முழங்கால். பேசி முடித்தபோது இடுப்பு வரை தரைக்குள் இருந்தேன். கவிதை படிக்கும் பெண் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "தப்பா நினைக்காதீங்க. உங்களைப் புரியுது. ஆனா அந்த இருமலை நீங்க கேக்கல" என்றாள். அவளும் என்னை இறக்கியவர்களில் ஒருத்திதான்.

அப்படியானால் மேற்கு வீட்டிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினேன். அந்த வீட்டுக்காரருக்கு முகம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அது கதவின் மேல்பாதியில் இருந்தது.

"எந்த வீட்ல இருந்து வர்றே?"

"சென்னியப்பன் வீடு."

"அந்த வீட்டு ஆளுக்கு இங்க இடம் இல்ல."

"நான் அந்த வீட்ல சேர்ந்தே ஒரு நாள்தான் ஆகுது."

"அப்ப ஒரு நாள் ஆள்" என்றது கதவு. சாத்திக்கொண்டது.

இரண்டு வீட்டோடும் பேசுகிற வீடு ஒன்று நடுவில் இருந்தது. அங்கே போனேன். பூட்டியிருந்தது. அதன் வீட்டுக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டியதில் கழுத்து சுளுக்கி வைத்தியத்துக்குப் போயிருப்பதாக அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மற்ற வீடுகள் எல்லாம் மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன.

திரும்பும்போது தெருவில் கொத்தவரை எதிரே வந்தார். அவரும் எங்கள் வீட்டில் சேர முயன்று திரும்பி வருகிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு கை தூரத்தில் நின்றார். முதல் தடவையாக நடுவில் தூணும் இல்லை, சன்னலும் இல்லை.

அவர் என் தோளைப் பிடித்தார். சொல்ல வந்தார்.

"ஆபீஸ் எங்கே?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். "ஆபீஸ் எங்கே?" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். அழுத்திச் சொன்னார். இறக்கிச் சொன்னார். ஒரு தடவை கிட்டத்தட்டக் கெஞ்சினார். "ஆபீஸ் எங்கே" என்பதில் இத்தனை விதம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. விஷயம் பெரியது என்று மட்டும் புரிந்தது. வழியில் போன ஒருவர் நின்று, இங்கே ஆபீஸ் கிடையாது என்று எங்களுக்குச் சொல்ல முயன்றார். அவராலும் அதே கேள்வியைத்தான் கேட்க முடிந்தது. கொஞ்ச நேரம் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு கொத்தவரை தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு மேற்கே போனார். பெரிய முதுகு. அது வளைந்திருந்தது.

நான் வீட்டுக்கு வந்து வெறும் தரையில் படுத்துக்கொண்டேன். சுவரோரம் நின்ற கேட்கிறவர்களில் ஒருவர் என் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போனார். உள்ளே மோர் இருந்தது.

ஈரச்சாக்கு வந்து உட்கார்ந்தார். "ஏன் இப்படி இடிஞ்சு போய் இருக்கீங்க? நீங்களே ஒரு வீடு போட்டுருங்க" என்றார்.

"என்கிட்ட என்ன இருக்கு வீடு போட?"

"ஒண்ணும் வேணாம். காலி மனையில போய் நிக்கணும். அசையக் கூடாது. அவ்ளோதான். புது வீட்டுக்கு யாரோடயும் சண்டை கிடையாது. எல்லாப் பக்கமும் சன்னல் தொறந்தே இருக்கும். அவரும் வரலாம்."

சென்னியப்பனிடம் சொன்னேன். மிக்ஸியைப் போடப் போனவர் கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"நானும் நாலு கூட்டாளிக பேசறதுக்குன்னுதான் ஊட்டை ஆரம்பிச்சனுங்க" என்றார். "அவங்கள்ல ஒருத்தரும் இப்ப இங்க இல்ல. முதுகு வலிக்கும். எங்கயும் போக முடியாது. எவன் எவங்கூட அடிச்சுக்கிட்டாலும் உங்ககிட்டத்தான் வருவாங்க. இன்னொண்ணும் சொல்லிப் போடறேன். மெதுவா ஊடானா பேச்சு கடைசியாப் போவும். எனக்கு இன்னும் இருக்குது பாருங்க. நீங்க அவசரத்துல நிக்கறீங்க. அவசரத்துல ஆனா பேச்சுத்தான் முதல்ல போவும்."

"காது?"

"காது போவாதுங்க. ஊட்டுக்கு அது இல்லாம எப்புடி?"

கொஞ்சம் யோசித்தேன். எனக்குக் கொத்தவரையிடம் சொல்ல ஒன்றும் இல்லை. டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் எப்போதோ சொல்லிவிட்டேன். அவரிடம் கேட்கத்தான் ஒன்று பாக்கி. மெதுவாக வீடாக எனக்குப் பொறுமை இல்லை. அதற்குள் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது.

தெருக்கோடியில் ஒரு காலி மனை. எருக்கஞ்செடி முளைத்திருந்தது. நடுவில் போய் நின்றேன்.

முதலில் பாதம் குளிர்ந்தது. சிமெண்ட் வாசனை வந்தது. முட்டி மடங்க மறுத்தது. தோள் இரண்டு பக்கமும் அகன்றது, அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு வாய் இருந்த இடத்தில் வாசற்படி வந்தது. சென்னியப்பன் சொன்னது சரி. ஒரு தடவை "கொத்தவரை" என்று சொல்லிப் பார்த்தேன். கதவு கிரீச்சிட்டது.

நாலு பக்கமும் சன்னல் திறந்தது. எல்லா வீட்டுச் சத்தமும் உள்ளே வந்தது. ஒரு வீட்டில் யாரோ கவிதை படித்தார்கள். இன்னொரு வீட்டில் இருமினார்கள். இரண்டும் எனக்குச் சேர்ந்தே கேட்டது.

மேற்கிலிருந்து அவர் குரல் வந்தது.

"ஓய் அரைமூடி. அது உம்ம வீடாவே? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு அம்மா கையாட்டிக் காட்டுனாங்க. பதில் சொல்லும்."

என்னால் கதவைத்தான் ஆட்ட முடிந்தது. ஆட்டினேன்.

அவர் மறுபடி கூப்பிட்டார். நான் மறுபடி ஆட்டினேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். எனக்கு இருந்த சுவர்கள் எல்லாம் நடுங்கின. அப்புறம் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. கனமான ஆள் நடக்கிற சத்தம். வாசலில் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே கழற்றினார்.

உள்ளே வந்து நின்றார். அறை காலியாக இருந்தது.

"எங்கவே இருக்கேரு? வீட்டைத் தொறந்து போட்டுட்டு எங்க போனீரு?"

ஒரு அறைதான். மூலைக்கு மூலை பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். தூணுக்குப் பின்னால் தேடிப் பழக்கப்பட்டவர், தூண் இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு நடுவில் நின்று மேலே கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கை சூடாக இருந்தது.

"நீருதானா இது" என்றார்.

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"இதுக்காவே இப்படி ஆனீரு. ஒரு வாரம் பொறுத்திருந்தா அவனுவளே சமாதானமாயிருப்பானுவ. கூறுகெட்ட மனுசன்."

அவர் திட்டுவதைக் கேட்க ஆனந்தமாக இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். முதுகை என் மேல் சாய்த்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சொல்ல வந்தது இதுதான்" என்றார். "மவ வந்துட்டா. என்கூட முகங்கொடுத்துப் பேசாம இருந்தாள்லா, அவ. உமக்குத் தெரியாது. உம்மகிட்ட நான் சொன்னதில்ல. அதச் சொல்லிரக் கூடாதுன்னுதான் மத்ததெல்லாம் பேசுனது."

மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டியோட வந்து நின்னா. இங்கயே இருக்கேன்னா. சாயங்காலம் வேலை விட்டு வந்தா உக்காந்து பேசுதா. நான் இந்தப் பக்கம் வந்து நின்னேன்னா அவ அந்தப் பக்கம் தனியா உக்காந்திருக்கணும். அதனால நான் இனிமே பேச வரப் போறதில்லவே. எந்த வீட்டுக்கும் வர மாட்டேன். சொல்லாமப் போயிரலாம்னுதான் பாத்தேன். உம்மகிட்ட சொல்லாமப் போக மனசு வரல."

நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். நல்ல வேளை எனக்கு வாய் இல்லை என்றும் நினைத்தேன். இருந்திருந்தால் போகாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருப்பேன். அது அவருக்குப் பாரமாகியிருக்கும்.

அவர் ஊன்றி எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டார். வாசல் வரை போனார்.

அப்போது கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வெளியே நல்ல வெயில். அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த சொட்டு விழுந்தது. மூன்றாவதாக விழுந்தது அவர் நெற்றியில். துடைத்து, விரலைப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"புது வீடு" என்றார். "அதுக்குள்ள இப்படி ஒழுகுதே."

வெளியே போய் எங்கிருந்தோ ஒரு சொம்பை வாங்கிக்கொண்டு வந்தார். சொட்டு விழுகிற இடத்தைப் பார்த்து வைத்தார். பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒழுகுதது நின்னதும் கெளம்புதேன்" என்றார்.

நான் நிறுத்தவில்லை.